பறைக்குத் தோல் கட்டிய பிறகு வரும் கோளாறுகள்: சிங்கப்பூர் ஈரத்துக்கு ஒரு வழிமுறை

“அண்ணே, பறை படுத்துருச்சு.”

டிசம்பர் பிறந்தால் இந்தச் செய்தி என் கைப்பேசிக்கு வந்துவிடும். தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். பொங்கலுக்கு அடிக்க வேண்டும் என்று ஆசை ஆசையாகக் கட்டை, அதாவது தோலைத் தாங்கும் மர வளையம், செய்து, டிசம்பர் முதல் வாரத்தில் தோல் போர்த்தியிருப்பார்கள். சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தொடங்கி மார்ச் தொடக்கம் வரை நீடிக்கிறது. அதில் டிசம்பரும் ஜனவரியும்தான் நனைந்த பாதி. தோல் காய மறுக்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாரும் தோல் கட்டுகிறோம். பண்டிகை அப்படி வருகிறது, என்ன செய்வது.

கையில் இருக்கும் பறை என்ன செய்கிறது என்பதை வைத்துக் காரணத்தைத் தேடும்படி இதை எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். நான் பிரித்துப் பார்த்த பறைகளில் தோலே மோசம் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. கட்டையின் விளிம்பில் ஏதோ விட்டுப்போயிருக்கும், அல்லது காயவைத்த நாலு நாளில் ஏதோ நடந்திருக்கும். அதனால் புதுத் தோல் வாங்கக் கிளம்புவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

நான் கட்டும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது புரியும். 14 அங்குல வட்டம், அதாவது ஏறக்குறைய 35 செ.மீ. ஊரில் வேப்ப மரத்தை மூன்று வளைதுண்டாக அறுத்து, உள்பக்கம் இரும்புத் தகடு வைத்து இணைப்பார்கள். இங்கே மரக்கடையில் வேம்பு கிடைப்பது அரிது, மெராந்தி எளிதாகக் கிடைக்கும், நான் அதில் செய்கிறேன். கன்றுத்தோலை ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, புளியங்கொட்டைப் பசை தடவி, கட்டைமேல் போர்த்தி, தோலின் ஓரத்தில் துளை போட்டுப் பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் இழுத்துக் கட்டுகிறேன். நாலைந்து நாள் நிழலில் காய்ந்ததும் கயிற்றை அவிழ்த்து ஓரத்தை நறுக்குவேன். ஆட்டுத்தோலுக்கும் இதே கதைதான். அது மெலிசு என்பதால் மூன்று நான்கு மணி நேரம் ஊறினாலே போதும். உப்புப் போட்ட பச்சைத் தோலை ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவர நினைப்பவர்கள் விலங்குப் பொருள்களுக்கான அனுமதி விதியை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ந்துவிட்டது, ஆனாலும் ‘தொப் தொப்’ என்கிறது

அதிகம் வரும் புகார் இது. காரணம் நாலு வகை. ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டால் நன்றாகக் கட்டிய தோலைத் தேவையில்லாமல் பிரித்துவிடுவோம், அதனால் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில், பறையை ஏர்கான் ஓடும் அறையில் இரண்டு மணி நேரம் வையுங்கள். சுவரில் சாய்த்து வைக்க வேண்டும், ஏர்கான் காற்று நேரே படக்கூடாது. பிறகு அடித்துப் பாருங்கள். சுருதி எழுந்துவிட்டதா? அப்படியென்றால் கட்டிய விதத்தில் குற்றமில்லை, வானிலைதான். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

எழவில்லையா? சரி, தோல் நிஜமாகவே காய்ந்ததா என்று பார்ப்போம். தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், கை ஏமாற்றும். மேற்புறம் சருகு மாதிரி இருக்கும், பசை பட்ட விளிம்புக்கு அடியில் ஈரம் உட்கார்ந்திருக்கும். சமையலறைத் தராசை எடுங்கள், மாவு நிறுக்கிற அந்த எலக்ட்ரானிக் தராசுதான். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பறையை அதன்மேல் கவிழ்த்து எடையை எழுதி வையுங்கள். முதல் நாள் சரசரவென்று இறங்கும், மூன்றாம் நாள் சில கிராம்தான் குறையும். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்தாயிற்று. நான் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு அவசரப்பட்டுக் கயிறு அவிழ்த்த பறை ஒன்றுகூட இல்லை. மழைக்காலத்தில் எட்டாம் நாள்வரை எடை இறங்கிப் பார்த்திருக்கிறேன்.

எடை நின்றுவிட்டது, இன்னும் தொய்வு என்றால் உப்பைச் சந்தேகப்படுங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். நம் வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசகசவென்று நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். சிங்கப்பூரில் வருஷ சராசரியே 80க்கு மேல். அந்த உப்பு தோலுக்குள் தங்கிவிட்டால், நீங்கள் எத்தனை நாள் காயவைத்தாலும் ராத்திரியானதும் தோல் தானாகத் தண்ணீர் குடித்துக்கொள்ளும். அடையாளம் என்னவென்றால், ஏர்கான் அறையில் காய்ந்த தோலின்மேல், குறிப்பாக விளிம்போரம், மெல்லிய வெள்ளைப் பூப்பு தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், மறுபடி காய்ந்ததும் திரும்ப வரும். அப்புறம் ஆணியோ தகடோ தோலைத் தொடும் இடத்தில் துரு சீக்கிரம் பிடித்திருக்கும். இதற்கு மேல்பூச்சு வைத்தியம் கிடையாது. தோலை ஊறவைத்துக் கழற்றி, ஐந்தாறு தண்ணீர் மாற்றி அலசி மறுபடி கட்ட வேண்டும். உப்புப் போட்ட தோல் வந்தால் ஊறவைப்பதற்கு முன் ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் கையால் தேய்த்துக் கழுவுங்கள். முக்கால் மணி நேர வேலை, அவ்வளவுதான்.

உப்பும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது இழுவை. போதுமான அளவு ஊறாத தோல் விறைப்பாக இருக்கும், கயிறு இழுக்கும்போது ‘நன்றாக இறுகிவிட்டது’ என்று தோன்றும். காய்ந்ததும் அதே நிலையில் நிற்கும், அதற்குமேல் இறுகாது. சரியாக ஊறிய தோலை இரண்டாக மடித்து விரலால் அழுத்தினால் மடிப்பில் வெள்ளைக் கோடு தெரியாது, நனைந்த துணி மாதிரி விழும். வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் காய்ந்த சரடு இருக்கிறது, இன்னும் ஊறட்டும். ஆனால் இங்கத்திய வெக்கையில் ஒரே தண்ணீரில் ராத்திரி முழுக்க விடாதீர்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், அல்லது பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடிய டப்பாவில் வையுங்கள். வீட்டில் சண்டை வராமலிருக்க முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

காலையில் படுக்கிறது, மத்தியானம் எழுந்துவிடுகிறது

இது கோளாறு கிடையாது, தோலின் சுபாவம். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத மத்தியானத்தில் 60ஐ ஒட்டி இறங்கும். ஈரம் ஏறும்போது தோலின் எடை கூடுகிறது, இழுவையும் தளர்கிறது. இரண்டுமே சுருதியைக் கீழே இழுப்பவை. அதனால்தான் ஒரே பறை காலை ஏழு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் இரண்டு வேறு பறையாக ஒலிக்கிறது.

ஊரில் இதற்காகத்தான் பறையைக் காய்ச்சுகிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டுவார்கள், பறை கணீரென்று எழும். அடுக்குமாடி புளோக் அடியில் வைக்கோல் கொளுத்த நமக்கு இடமில்லை. ஹேர் டிரையர் போதும். ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில், நடுவிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி விளிம்புவரை வாருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். இடது கையைப் பறையின் உள்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளங்கை தாங்கும் சூட்டைத் தோலும் தாங்கும். மூன்று நிமிஷத்தில் விரல் நுனியால் தட்டினாலே மாற்றம் கேட்கும்.

இன்னொரு வழியை மலாய் நண்பர்களிடமிருந்து கற்றேன். அவர்களுடைய கொம்பாங்கும் நம் பறை மாதிரி ஒருபக்கத் தோல்தான், ஆட்டுத்தோல். திருமண ஊர்வலங்களில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் தோலுக்கும் மர வளையத்துக்கும் நடுவே உள்பக்கமாக ஒரு பிரம்பு வளையத்தைத் திணித்துத் தோலை இறுக்குகிறார்கள். செடாக் என்று அதற்குப் பெயர். அடித்து முடித்ததும் பிரம்பை எடுத்துவிடுவார்கள், தோல் ஓய்வெடுக்கும். தண்ணீரில் ஊறிய பிரம்பை வட்டமாக வளைத்து, பறையின் உள்விளிம்பில் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்துப் பார்த்தேன், பறைக்கும் அருமையாகப் பொருந்தியது. கேலாங் சிராய்ப் பக்கம் பழக்கமுள்ள கொம்பாங்காரர் யாராவது இருந்தால் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். நுழைப்பதற்கு ஒரு கைப்பாங்கு உண்டு, அதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

விளிம்போரம் கிழிந்துவிட்டது

நான் கட்டிய இரண்டாவது பறை. ஈரம் போகவே இல்லை என்று நான்காம் நாள் படுக்கையறையில் ஏர்கானைப் போட்டு, அதன் நேர் எதிரே மாட்டிவிட்டுத் தூங்கினேன். நடுராத்திரி மூன்று மணிவாக்கில் ‘பட்’ என்று ஒரு சத்தம், மரக்கிளை முறிந்த மாதிரி. விளக்கைப் போட்டுப் பார்த்தால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. நல்ல கன்றுத்தோல். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

என்ன நடந்தது என்றால், காற்றுப்பட்ட மேற்பரப்பு வேகமாகக் காய்ந்து சுருங்கியது. பசையோடு ஒட்டியிருந்த விளிம்பு இன்னும் ஈரமாக, விட்டுக்கொடுக்காமல் நின்றது. சுருங்குகிற பகுதிக்கும் அசையாத பகுதிக்கும் நடுவில் எங்கே பலவீனமோ அங்கே பிளந்தது. ஆக, காயவைக்கும்போது விளிம்பு கடைசியில் காயும்படி விடக்கூடாது. நான் இப்போது முதல் இரண்டு நாள் நடுத்தோலின்மேல் லேசான ஈரத்துணி போட்டு வைக்கிறேன், விளிம்பை மட்டும் காற்றாட விடுகிறேன். மூன்றாம் நாள் துணியை எடுத்துவிடுவேன். மின்விசிறி மெதுவான ஓட்டத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஏர்கானில் டிரை மோட் இருந்தால் நல்லது, ஆனால் பறை அறையின் அடுத்த மூலையில் இருக்கட்டும்.

ஆனால் அந்தக் கிழிசல் ஏன் அந்த இடத்தில் தொடங்கியது? கட்டையைத் துப்புரவாக்கிய பிறகு விரலை விளிம்பில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மருந்துப் பெட்டியிலிருந்த பஞ்சை எடுத்து, உருட்டாமல் பிய்த்தபடியே விளிம்பின்மேல் மெதுவாக இழுத்தேன். ஒரே ஒரு இடத்தில் இழை மாட்டிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிராய், இரண்டு வளைதுண்டுகள் சேரும் இணைப்பில். கிழிசல் தொடங்கிய இடம் சரியாக அதுதான். அன்றிலிருந்து பஞ்சு இழுக்காமல் எந்தக் கட்டையிலும் தோல் போர்த்துவதில்லை.

விளிம்பு எப்படி இருக்க வேண்டும்? வெளிப்பக்கம் ஒரு பென்சிலின் வளைவு இருக்கட்டும். உள்பக்கம் சரிந்து இறங்கட்டும், தோல் வெளி வளைவைத் தொட்டுவிட்டு உள்ளே எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அரத்தால் உருவாக்கி, 120ஆம் எண் உப்புத்தாள், பிறகு 240, கடைசியில் ஒரு மெழுகுவத்தித் துண்டை விளிம்பின் உச்சியில் மட்டும் தேய்த்துவிடுங்கள். இழுக்கும்போது தோல் வழுக்கிக்கொண்டு போகும். மெழுகு பக்கவாட்டில், பசை பிடிக்க வேண்டிய இடத்தில், பட்டுவிடக் கூடாது.

கிழிந்த தோலைக் காப்பாற்றலாமா என்று கேட்பார்கள். ஒரு விரல்கடைக்குக் குறைவாக, அதுவும் விளிம்பின் பக்கவாட்டில் என்றால் வச்சிரப் பசை தடவி உள்பக்கம் அதே தோலில் ஒட்டுப் போடலாம். அடிக்கும் முகத்துக்குள் வந்துவிட்டால் வேண்டாம். அடிக்குச்சி பத்து முறை விழுந்தால் கிழிசல் நீளும்.

ஒரு பக்கம் ஒரு சுருதி, மறுபக்கம் வேறு சுருதி

விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே, கடிகார முள் மாதிரி பன்னிரண்டு இடத்தில் நகத்தால் சுண்டிக்கொண்டே வாருங்கள். நேருக்கு நேர் எதிரான இரண்டு இடங்கள் தாழ்ந்திருந்தால் ஒரு காரணம், ஒரே பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் வேறு காரணம்.

எதிரெதிரே தாழ்ந்தால் தோலின் திசை. மிருகத்தின் முதுகுக்கோடு கனமாகவும் இறுக்கமாகவும் இருக்கும், வயிற்றுப்பக்கம் மெலிந்து நீளும். முதுகுக்கோடு வட்டத்தின் நடுவே போகும்படி வெட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வயிற்றை நோக்கிப் போகும், சின்ன வித்தியாசம்தான் வரும். தோலை மிச்சப்படுத்துகிறேன் என்று முதுகுக்கோட்டை ஓரமாகத் தள்ளி வெட்டினால் பறை சாகும்வரை அந்த வித்தியாசம் இருக்கும்.

ஒரே பக்கம் தாழ்ந்தால் கயிறு இழுத்த வரிசை. சுற்றிக்கொண்டே இழுத்தால் கடைசியில் இழுத்த பக்கம் எல்லாவற்றையும் தன் பக்கம் வாரிக்கொள்ளும். ஒரு இழுப்பு இங்கே, அடுத்தது நேர் எதிரே, அடுத்தது குறுக்கே. முதல் சுற்றில் கால்வாசி பலம் மட்டும். மூன்று சுற்றில் இறுக்கம் வரட்டும். காயாத தோல் என்றால் அந்தப் பக்கத்துக் கயிற்றின் நடுவே ஒரு சிறு குச்சியைச் செருகி முறுக்கிவிட்டால் சமமாகிவிடும். காய்ந்த பிறகு தெரிய வந்தால், தாழ்ந்த பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் ஒரு மணி நேரம் மூடி, மறுபடி இழுத்துக் கட்டிப் பாருங்கள், பசை விடாமல் பார்த்துக்கொண்டு. பாதிக்குப் பாதி சரியாகும்.

‘ஜிர்ர்’ என்று ஒரு இரைச்சல்

அடித்ததும் ஓசைக்குப் பின்னால் ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம். முதலில் உள்பக்க இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டு இன்னொருவரை அடிக்கச் சொல்லுங்கள். பாதி நேரம் ஒரு திருகாணி தளர்ந்திருக்கும், இறுக்கினால் தீர்ந்தது.

அது இல்லையென்றால் விளிம்பு சமமாக இல்லை. தோல் எங்கோ ஒரு பள்ளத்தின்மேல் ஒட்டாமல், விலகாமல், தொட்டுத் தொட்டு அதிர்கிறது. தோலைக் கழற்றாமல் இதைத் திருத்த முடியாது, ஆனால் அடுத்த கட்டைக்குத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டையைச் சமையலறைக் கிரானைட் மேடையில் கவிழ்த்து வைத்து, அறையை இருட்டாக்கி, உள்ளே கைப்பேசி விளக்கை வையுங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே பள்ளம். கசிகிற இடத்தில் சாதாரண ஏ4 தாள் நுழைந்தாலே இழைக்க வேண்டியதுதான். பெரிய உப்புத்தாளை மேடையில் ஒட்டி, கட்டையைக் கவிழ்த்து எட்டு வடிவில் சுற்றித் தேயுங்கள்.

தோல் கண்ணாடி மாதிரி ஆகி, ஓசை செத்துவிட்டது

மஞ்சளாக, ஒளி ஊடுருவும்படி, கட்டியாக இருக்கிறதா? சூடு பட்டுவிட்டது. இதை மீட்க வழியில்லை, அதனால் ஏன் என்று சொல்கிறேன்.

பதப்படுத்தாத ஈரத்தோல் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் தன் நார் கட்டமைப்பை இழந்து சுருங்கிவிடும். இறைச்சித் துண்டு கொதிநீரில் சுருள்வது போல. காய்ந்த தோலோ அதைவிட மிக அதிகமான சூட்டைத் தாங்கும். பெரியவர்கள் காய்ந்த பறையைத் தீயில் காட்டினார்கள், ஈரப்பறையைக் காட்டவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல், ‘காயமாட்டேன் என்கிறது, கொஞ்சம் சூடு காட்டுவோம்’ என்று ஹீட் கன்னை எடுப்பவர்கள் தோலைச் சமைத்துவிடுகிறார்கள். சீக்கிரம் ஊறட்டும் என்று குளியலறை ஹீட்டரின் சுடுநீரை ஊற்றுவதும் இதே தப்பு. ஊறும் தண்ணீர் குழாய்த் தண்ணீராகவே இருக்கட்டும். எடை நிற்கும்வரை ஹேர் டிரையர் அலமாரியிலேயே இருக்கட்டும்.

விளிம்பில் சுருக்கம்

பக்கவாட்டில் மட்டும் இருந்தால் அழகுக் குறைதான், ஓசையைத் தொடாது. முகத்துக்குள் எட்டிப் பார்த்தால் துளைகளின் இடைவெளி அதிகம். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு துளை போடுங்கள், காயாத தோலில் சுருக்கத்துக்கு நேராக ஒரு துளை கூடுதலாகப் போட்டு இழுத்தால் நீங்கிவிடும்.

பசை விட்டுத் தோல் எழும்புகிறது

சதைப்பக்கம் கொழுப்பு இருந்திருக்கும். கட்டையைத் தொடும் பக்கம் சதைப்பக்கம்தானே, அங்கே மஞ்சளாக வழவழவென்று படலம் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. மழுங்கிய கத்தியால் சுரண்டி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு அலசி எடுங்கள். கட்டையின் பக்கவாட்டை வழவழப்பாக்காதீர்கள், 80 உப்புத்தாளின் கீறல் அப்படியே இருக்கட்டும், பசைக்குப் பிடி வேண்டும்.

புளியங்கொட்டைப் பசை போதுமா, கடையில் விற்கும் வெள்ளைப் பசை வேண்டாமா என்று வாதம் உண்டு. நான் புளியங்கொட்டை பக்கம். கொட்டையை வறுத்து மேல்தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, கட்டிதட்டாமல் காய்ச்சினால் பழுப்பு நிறக் களி மாதிரி வரும். ஈரத்தோலும் ஈரப்பசையும் சேர்ந்தே காயும், சேர்ந்தே சுருங்கும். நாளைக்குத் தோல் மாற்ற வேண்டுமென்றால் ஈரத்துணி போட்டால் விட்டுக்கொடுக்கும், மரம் காயப்படாது. வெள்ளைப் பசையில் ஒட்டிய தோலைக் கழற்றும்போது மரநாரும் கூடவே வந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரே குறை, காய ஒரு நாள் கூடுதலாகும், மழைக்காலத்தில் பூஞ்சையும் வரும்.

நாற்றம், கறுப்புப் புள்ளி

நாற்றம் என்றால் காய்வதற்குள் அழுக ஆரம்பித்திருக்கிறது. மயிர்ப்பக்கத்தை விரலால் தேய்த்தால் மேற்படலம் வழுக்கிக்கொண்டு வந்தால் தோல் போய்விட்டது, குப்பைப் பையை இரண்டாகப் போட்டுக் கட்டிப் போடுங்கள். உறுதியாக இருந்தால் காப்பாற்றலாம். காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், இரண்டு நாளில் நாற்றம் அடங்கும்.

கறுப்புப் புள்ளி பூஞ்சை. காய்ந்த துணியால் வெளியே வைத்துத் துடைத்துவிட்டு, வினிகரைத் துணியில் லேசாக நனைத்து ஒருமுறை ஒத்தி எடுத்து, உடனே மின்விசிறிக்கு முன் வையுங்கள். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிற அலமாரியில் பறை மறுபடி புள்ளி போடும். பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள், பருத்தித் துணிப்பை போதும். கேமராவுக்கு டிரை கேபினட் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பெரிய கேபினட்டில் 14 அங்குலப் பறை சாய்வாக நுழையும். ஈரப்பதம் காட்டும் முள்ளை 50, 55க்குக் கீழே இறக்க வேண்டாம், ரொம்பக் காய்ந்தால் மறுபடி விளிம்புக் கதை தொடங்கிவிடும்.

கட்டை கோணிவிட்டது

பறையை மேசையில் வைத்தால் ஆடுகிறதா, வட்டம் முட்டை வடிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அளவுநாடாவால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு விட்டம் எடுங்கள். 2, 3 மி.மீ. வித்தியாசத்தை விட்டுவிடுங்கள், ஓசையில் கேட்காது. அதற்குமேல் போனால் மரம் பச்சையாக இருந்தது என்று அர்த்தம், அல்லது இணைப்புகளில் தகடு மெலிசு. காய்கிற தோல் எவ்வளவு பலமாக இழுக்கும் என்பதை முதல்முறை கட்டுபவர்கள் யாரும் நம்புவதில்லை. தைத்த திருகாணியைப் பிடுங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கோணிய கட்டையில் தோலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆடிக்கொண்டிருக்க விடாமல் இப்போதே கழற்றிவிடுங்கள். நனைந்த துண்டை விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஒரு ராத்திரி விட்டால் புளியங்கொட்டைப் பசை இளகிவிடும். மழுங்கிய கரண்டிக் காம்பை நுழைத்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஓரம் நறுக்கப்பட்டுவிட்ட தோல் 14 அங்குலக் கட்டைக்கு மறுபடி எட்டாது, ஆனால் 11 அங்குலத்துக்குத் தாராளமாக எட்டும். என் தங்கை மகனுக்கு அப்படிக் கட்டிக்கொடுத்த சின்னப் பறை இப்போது மூன்றாவது மழைக்காலத்தைப் பார்க்கிறது. சிண்டுக்குச்சியை, அதாவது மெலிந்த நீளக் குச்சியை, மட்டும் அவன் கைக்குத் தகுந்தபடி ஒரு சாண் குறைத்தேன்.